ஆண்களுக்குப் பாடாத பெட்டி

சீசன் தொடங்கும் முன்பே குற்றாலத்தில் அன்று நல்ல சாரல். சங்கரலிங்கம் அண்ணாச்சியின் ஹோட்டல் கூடத்தில் ஈரத் துண்டோடு இருபது பேர் நிற்கிறார்கள். எல்லார் கண்ணும் மூலையில் இருக்கும் பாட்டுப் பெட்டி மேல்தான். பெட்டியைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்துவிட்டு, பின்கதவைக் கழற்றி வைத்திருக்கிறோம். பெட்டிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் கணபதி, கையில் திருகு முடுக்குகிற திருப்புளியோடு, பெரிய டாக்டர் தோரணையில் நிற்கிறார். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒன்றரை முழ இடத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

"என்ன கணபதி, பிடிபட்டுதா?" என்று கேட்கிறார் அண்ணாச்சி.

கணபதி திருப்புளியால் தாடையைச் சொறிகிறார். "பாத்துக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி. உள்ள ஒரு இது இருக்கு. அந்த இது சரியில்ல."

நான் கையை நீட்டி அவர் கணுக்காலைக் கிள்ளினேன். "கண்டன்சர்னு சொல்லுங்க" என்று முணுமுணுத்தேன்.

"கண்டன்சர்!" என்றார் இவர், தானே கண்டுபிடித்தவர் மாதிரி. "கண்டன்சர் போயிட்டு அண்ணாச்சி."

கூட்டம் 'ஆங்' என்று தலையாட்டியது. "கணபதி கைன்னா கைதான்" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கை என்னுடையது. அப்போது அது எண்ணெய்ப் பிசுக்கும் தூசியுமாகப் பெட்டிக்குள் முழங்கை வரை போயிருந்தது. 

பெயர் அவருக்கு, வேலை எனக்கு

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி, 'நீங்கள் எத்தனையோ ரேடியோ, டேப் ரெக்கார்டர் எல்லாம் பழுது பார்த்ததாக எழுதுகிறீர்கள். உங்களைத் திணற அடித்த பொருள் என்று ஒன்றுகூட இல்லையா?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேட்ட விதத்தில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது. இருக்கட்டும். திணற அடித்தது இந்தப் பெட்டிதான். அதைச் சொல்வதற்கு முன், நான் ஏன் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணமான புதிதில் இவர் தென்காசியில் ஒரு ஜவுளிக் கடையில் நின்றுகொண்டிருந்தார். ரேடியோ மெக்கானிக் ஆக வேண்டும் என்று ஆசை. சென்னையிலிருந்து தபாலில் பாடம் வரும் ஒரு படிப்பில் சேர்ந்தார். மாதம் ஒரு பழுப்பு உறை வரும். உள்ளே பாடமும், கேள்வித்தாளும், சில மாதம் நாலைந்து சாமான்களும் இருக்கும். இவர் உறையைப் பிரித்து, படத்தைப் பார்த்து, "நாளைக்குப் படிப்போம்" என்று பரணில் போடுவார். நான் இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாவது வரை படித்தவள். கணக்கும் பௌதிகமும் எனக்குப் பிடிக்கும். சும்மா கிடக்கிறதே என்று எடுத்துப் படித்தேன். கேள்விக்குப் பதிலும் எழுதினேன். அவர் பெயரில் அனுப்பினேன்.

இரண்டு வருஷத்தில் சான்றிதழ் வந்தது. 'திரு. கணபதி முதல் வகுப்பில் தேறினார்' என்று போட்டிருந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டிக் கடையும் திறந்துவிட்டார் மனுஷன். இதில் இன்னொரு விசேஷம், இவருக்கு ஈயம் உருகுகிற புகை பட்டாலே இருமல் வந்துவிடும்.

ஆரம்பத்தில் நான் கடையின் முன்பக்கம் உட்கார்ந்துதான் வேலை பார்த்தேன். ஒரு நாள் மேலகரத்திலிருந்து ஒரு பெரியவர், முதல் நாள் கொடுத்துவிட்டுப் போன ரேடியோவை வாங்க வந்தார். நான் அதைத் திறந்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "என்னவே கணபதி, ரேடியோவ ரிப்பேர் பாக்கச் சொன்னா பொம்பளையாளுட்ட கொடுத்து வெளையாட விட்டிருக்கீரு" என்றார். ஓடப் போகிற நிலையில் இருந்த ரேடியோவை அப்படியே மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் கடைக்கு நடுவே பச்சை நிறத்தில் ஒரு திரை தொங்கியது. இவர்தான் தன் பழைய ஜவுளிக் கடையிலிருந்து துணி வாங்கி வந்து தைத்துப் போட்டார். திரைக்கு முன்னால் அவர், பின்னால் நான். அவர் நல்ல பேச்சுக்காரர். வருகிறவரை உட்கார வைத்து ஊர்க்கதை பேசி, ரேடியோவுக்கு என்ன கோளாறு என்று கேட்டு, உள்ளே கொண்டுவந்து தருவார். நான் சரி செய்து கொடுப்பேன். "கணபதிக்குக் கைராசி" என்று தென்காசி முழுக்கப் பேர். நானும் ஒத்துக்கொண்டுதான் இருந்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ரேடியோவைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோகலாம். ஆள் உயரத்துக்கு இருக்கிற பாட்டுப் பெட்டியை எங்கே கொண்டுபோவது?

கொச்சியிலிருந்து வந்த மகாராணி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. பீரோ மாதிரி ஒரு பெட்டி. மேல் பாதி கண்ணாடி. உள்ளே வட்டமாக ஐம்பது இசைத்தட்டு அடுக்கியிருக்கும். காசு போட்டு, வேண்டிய பாட்டின் எழுத்தையும் எண்ணையும் அமுக்கினால், உள்ளே ஒரு கை வந்து அந்தத் தட்டை மட்டும் உருவி எடுத்துச் சுழல வைக்கும். பாட்டு முடிந்ததும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடும். ஜூக்பாக்ஸ் என்று பேர். எங்கள் பக்கம் பாட்டுப் பெட்டிதான்.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு வருஷம், சீசன் தொடங்குவதற்கு முன் அண்ணாச்சி இதைக் கொச்சியிலிருந்து லாரியில் ஆரியங்காவு வழியாகக் கொண்டுவந்தார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, ஏதோ கிடங்கில் ரொம்ப நாள் கிடந்த பெட்டியாம். ஆள் ஆசைப்பட்டுவிட்டார். பேரருவிக்குப் போகிற பாதையில் அவர் ஹோட்டலுக்கு எதிரே புதிதாக ஒரு ஹோட்டல் வந்திருந்தது. அங்கே கூட்டம் போவதைப் பார்த்து அண்ணாச்சிக்குத் தூக்கம் போய்விட்டது.

பெட்டி வந்து இறங்கிய அன்று, பொத்தானைத் தட்டினால் 'உம்ம்' என்று ஒரு இரைச்சல் மட்டும்தான் வந்தது. அந்த வட்டாரத்தில் அண்ணாச்சிக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக் கணபதி.

"நான் போயி என்னத்த செய்ய கோமதி?" என்று இவர் முழித்தார்.

"நானும் வாரேன். சாமான் எடுத்துக் கொடுக்க ஆள் வேணும்னு சொல்லுங்க."

"அம்பது பேர் பாப்பாங்களே."

"பாக்கட்டும். நான் பெட்டிக்குப் பின்னாலதான இருப்பேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதைத் திறந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காது. அப்படி ஒரு ஆசை.

இரைச்சல், இழுவை, இடமாற்றம்

இரைச்சலுக்குக் காரணம்தான் மேலே சொன்ன கண்டன்சர். மின்சாரத்தை வடிகட்டிக் கொடுக்கிற சாமான் அது. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் உள்ளே காய்ந்துபோகும். இரண்டு பழைய ரேடியோவிலிருந்து எடுத்துச் சேர்த்துப் போட்டேன். இரைச்சல் அடங்கியது.

பாட்டு வந்தது. வந்த பாட்டைக் கேட்டு ஹோட்டலே சிரித்தது. பாடகியின் குரல் சளி பிடித்த ஆம்பளைக் குரலாக இழுத்துக்கொண்டு வந்தது. இசைத்தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, இவர் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினேன். நாற்பத்தைந்து வர வேண்டும். முப்பத்தேழரைதான் வந்தது. அப்புறம்தான் புரிந்தது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு அறுபது தரம் துடிக்கும், நம்முடையது ஐம்பது தரம். மோட்டார் அதற்குத் தக்கபடி மெதுவாகச் சுற்றுகிறது. மோட்டாரின் தண்டை ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் பருமனாக்கினால் சரியாகிவிடும். தென்காசியில் ஒரு லேத் பட்டறையில் சொல்லிப் பித்தளையில் ஒரு உறை கடைந்து வாங்கி மாட்டினேன். பாடகிக்குச் சளி போயிற்று.

மூன்றாவது, ஒரு பாட்டை அமுக்கினால் வேறு பாட்டு வந்தது. ஒரு கம்பியின் ஈயம் விட்டுப்போய், தொட்டும் தொடாமலும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆனது. கண்டுபிடித்தபோது சிரித்துக்கொண்டே அழுதேன் என்று இவர் இன்றைக்கும் சொல்லுவார். அழவெல்லாம் இல்லை, கண்ணில் தூசி.

காசு விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம். நம்ம எட்டணா அளவில் அதன் வாய்க்குச் சரியாக இருந்தது. எடைதான் அமெரிக்கக் காசைவிடக் கொஞ்சம் லேசு. இதை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டும்.

சீசன் ஆரம்பித்தது. முதல் நாள் அண்ணாச்சி சூடம் காட்டி, பெட்டி நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, தானே முதல் எட்டணாவைப் போட்டார். பாடியது. எதிர் ஹோட்டல்காரன் வாசலில் வந்து நின்று பார்த்தான். அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கணபதிக்கு மாலை போட்டார்கள். நான் சாமான்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் போனால் பாடும்

மூன்றாம் நாள் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். பெட்டி பாடவில்லையாம்.

பஸ்ஸைப் பிடித்துப் போனோம். எட்டணா போட்டேன். பாடியது. ஒன்றல்ல, இரண்டு பாட்டு பாடியது. இன்னும் பத்துத் தரம் போட்டோம், பத்துத் தரமும் பாடியது. உள்ளே எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்து, கதவை மூடிவிட்டுத் திரும்பினோம். நாங்கள் வீட்டுக்கு வந்து காபி குடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்து நிற்கிறான். "நீங்க பஸ் ஏறின கையோட நின்னுட்டு" என்கிறான்.

இப்படியே இரண்டு வாரம். நான் போனால் பாடும், வந்தால் நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் தூக்கிப் போனால், அங்கே போனதும் அது எழுந்து விளையாடுமே, அதே கதைதான்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தேன். மாவு ஆட்டுகிற கிரைண்டர் ஓடும்போது மின்சாரம் இறங்குகிறதோ என்று, கிரைண்டரை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். அதில்லை. சாரல் ஈரம் உள்ளே இறங்குகிறதோ என்று, பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுச் சூடாக வைத்தேன். அதுவும் இல்லை. கண்ணாடி வால்வு ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒரு காசுக்கு இரண்டு பாட்டு வந்தது ஞாபகம் வந்து, காசு விழுந்ததும் இழுக்கிற ரிலே என்கிற சுவிட்சு துள்ளுகிறது என்று முடிவு கட்டி, மதுரையிலிருந்து வேறு ரிலே வரவழைத்துப் போட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. கூட்டம் காசு போட்டுவிட்டுக் கத்துகிறது, சப்ளையர்கள் பெட்டியை உதைக்கிறார்கள், உதைத்தால் சில நேரம் காசு கீழே விழுகிறது. எதிர் ஹோட்டல்காரன் சிரிக்கிறான்.

"கணபதி, வார வெள்ளிக்கிழமை லாரி கொச்சிக்குப் போகுது" என்றார். "அதுக்குள்ள பாடுனா பாடட்டும். இல்லன்னா ஏத்திவிட்டுருவேன். ஒன் பேரும் கெட்டு, எம்பேரும் கெட்டு, எதுக்குவே இந்த எழவு?"

பஸ்ஸில் வரும்போது இவர் சொன்னார்: "விட்டுரு கோமதி. நமக்கு ரேடியோ போதும். நம்மால முடியலைன்னு நானே அண்ணாச்சிட்ட சொல்லிருதேன்."

"யாரால முடியலை?" என்று கேட்டேன்.

"என்னாலதான். ஊரு என்னத்தான சொல்லும்."

"ஊரு ஒங்களச் சொல்லும். எனக்குத் தெரியும்லா, அது நான்னு" என்றேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். சரி செய்து பேர் வாங்கினால் அது அவருக்கு, தோற்றால் மட்டும் எனக்கு. அந்தப் பெட்டி லாரியில் ஏறினால் இனி ஆயுசுக்கும் ரேடியோதான், திரைதான். நான் விடமாட்டேன் என்று அன்றைக்கே தீர்மானம் பண்ணிவிட்டேன்.

யட்சி

புதன்கிழமை போனபோது பெட்டியின் தலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கியது. நெற்றியில் விபூதிப் பட்டை.

"என்ன இது?" என்றேன்.

சப்ளையர் மாசானம்தான் பதில் சொன்னான். என் வயது இருக்கும், வாய் மட்டும் நாலு ஆளுக்கு உண்டு. "யக்கா, உள்ள மலையாளத்து யட்சி இருக்கு. லாரில கூடவே வந்துட்டா. நல்லா கவனிச்சுப் பாத்துட்டேன். பொம்பளையாளு காசு போட்டா பாடுதா. ஆம்பளை போட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. அதுலயும் பாருங்க, ஆம்பளை போட்டு பாடாத காசுக்கும் சேத்து, பின்னால வார பொம்பளைக்கு ரெண்டு பாட்டாப் பாடுதா!"

"ஏலே, போலே அங்கன" என்று அண்ணாச்சி அதட்டினார். ஆனால் அவர் முகத்திலும் பாதி நம்பிக்கை தெரிந்தது. இவர் வேறு, "அதான் நீ தொட்டா பாடுது" என்று என் காதில் சொல்லிச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிப் போட்டிருப்பேன்.

போடவில்லை. மாசானம் சொன்னது மனசில் சுற்றிக்கொண்டே இருந்தது. யட்சியை விட்டுத்தள்ளு. ஒருத்தன் நாள் முழுக்க நின்று பார்த்துச் சொல்கிறான். இரண்டு வாரமாக நான் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். காசு போடுகிறவரை நான் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை

மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸிலேயே கிளம்பினேன். இவர் கடையைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு வருவதாகச் சொன்னார். நான் பெட்டியைத் திறக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. எதிரே இருந்த மேஜையில் ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தேன். ஆண், பெண், பாடியது, பாடவில்லை என்று நாலு கட்டம் போட்டேன்.

மாசானம் சொன்னது பொய்யில்லை. மதியத்துக்குள் பெண்கள் ஒன்பது பேர் போட்டார்கள். ஒன்பது பேருக்கும் பாடியது. ஆண்கள் போட்டால் பெரும்பாலும் சத்தமே இல்லை. ஆனால் இரண்டு ஆண்களுக்குப் பாடிவிட்டது. ஒருவர் பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு வந்தவர். இன்னொருவர் காரில் வந்து இறங்கிய கால்சட்டைக்காரர். யட்சிக்குக் கால்சட்டை பிடிக்குமோ என்று நானே சிரித்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு குடும்பம் வந்தது. புருஷன் அருவியிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் ஈர வேட்டி, தோளில் துண்டு. பொண்டாட்டி, "எனக்கு ஒரு பாட்டு போடணும்" என்றாள். அவர் துண்டின் நுனியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து ஒரு எட்டணாவை அவள் கையில் கொடுத்தார். அவள் போட்டாள். நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

பாடவில்லை.

எழுந்தே விட்டேன். பெண் போட்டும் பாடவில்லை. அப்படியானால் போடுகிற ஆளில் இல்லை, காசில் இருக்கிறது விஷயம்.

"அண்ணே, துண்டுல இன்னொரு எட்டணா இருக்கா? கொஞ்சம் காட்டுங்க" என்று அந்தப் புருஷனிடம் போய்க் கையை நீட்டினேன். அவர் திகைத்துப்போய்க் கொடுத்தார். வாங்கும்போதே காசு விரலில் வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

குற்றாலத்துக்கு வருகிற ஆம்பளைகள் என்ன செய்வார்கள்? சட்டை, பர்ஸ் எல்லாவற்றையும் விடுதியில் வைத்துவிட்டு, சில்லறையைத் துண்டு நுனியில் முடிந்துகொண்டு வருவார்கள். அருவிக்கரையில் கல்லில் படுத்து, தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். துண்டும் எண்ணெயில் ஊறும், முடிச்சுக்குள் இருக்கும் காசும் ஊறும். குளித்தால் உடம்பில் இருக்கிற எண்ணெய் போகும். முடிச்சுக்குள் இருப்பது எப்படிப் போகும்? பெண்கள் காசு வைத்திருப்பது சுருக்குப் பையில். டிரைவரும் கால்சட்டைக்காரரும் இன்னும் குளிக்கவே போகவில்லை.

பெட்டிக்குள் விழுகிற காசு ஒரு சரிவில் உருண்டு ஓடி, அடியில் முடி மாதிரி இருக்கும் ஒரு கம்பியைத் தட்ட வேண்டும். தட்டினால்தான் ரிலே இழுக்கும். நம்ம எட்டணா ஏற்கெனவே லேசு. எண்ணெயும் சேர்ந்தால் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பின்னால் காய்ந்த காசு வந்து இடித்தால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து கம்பியை இரண்டு தரம் தட்டும், இரண்டு பாட்டு. நான் வரும்போதெல்லாம் என் காய்ந்த காசு வழியைத் திறந்துவிட்டது. திறந்ததும் சுத்தக்காரி மாதிரி எல்லாவற்றையும் துடைத்தும் வைத்தேன். கோளாறை நானே துடைத்துத் துடைத்து அழித்துவிட்டு, மதுரை ரிலேயைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். என் மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் நினைத்தது போதாதே, பார்க்க வேண்டும். வாசலில் எண்ணெய் தேய்க்கிறவரிடம் ஒரு கை எண்ணெய் வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்து சரிவை நன்றாகத் துடைத்தேன். என் பையிலிருந்து எட்டணா எடுத்துப் போட்டேன். பாடியது. அடுத்த எட்டணாவை எண்ணெயில் முக்கி எடுத்து, சொட்டாமல் உதறிவிட்டுப் போட்டேன். கூடம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு சத்தமும் இல்லை. இரண்டு வாரத்தில் என் கையால் போட்ட காசுக்கு அது பாடாமல் இருந்தது அன்றுதான்.

"பாடலை!" என்று கத்தினேன். "அண்ணாச்சி, பாடலை! எனக்கும் பாடலை!"

அண்ணாச்சி கல்லாவை விட்டு ஓடிவந்தார். "பாடலைன்னா எதுக்கும்மா குதிக்கே? கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"கோளாறு எங் கையில மாட்டிக்கிட்டு அண்ணாச்சி!" என்று சொல்லிவிட்டுப் பின்கதவை அகலத் திறந்து, சரிவில் ஒட்டிக்கொண்டு நின்ற எட்டணாவைக் காட்டினேன். காசு எப்படி உருள வேண்டும், கம்பி எப்படித் தட்ட வேண்டும், ரிலே எப்படி இழுக்கும் என்று மளமளவென்று சொன்னேன். பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து நிற்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. சொல்லி முடித்து நிமிர்ந்தபோதுதான் எல்லார் முன்னாலும் நான் நிற்பதைக் கவனித்தேன்.

துடைக்கத் துணி

வாசலில் கணபதி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

அண்ணாச்சி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏவே கணபதி, இதுல மெக்கானிக் யாரு?"

 இவர் எதையாவது சொல்லிச் சமாளிப்பார் என்றுதான் நினைத்தேன். சமாளிப்பதில் மன்னன்.

"நான் இல்ல அண்ணாச்சி" என்றார். "எனக்கு ஈயப் புகையே ஆகாது. படிச்சதும் அவ, பாக்கதும் அவ. அந்த சர்டிபிகேட்டுல எம்பேர் இருக்கது ஒண்ணுதான் பொய்."

"அப்ப அந்தக் கண்டன்சர்?"

"காலக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தா."

மாசானம்தான் முதலில் சிரித்தான். அப்புறம் கூடமே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "சரி தாயி, இப்ப என்ன செய்யணும்? சொல்லு" என்றார். மெக்கானிக்காக நினைத்து அந்த ஹோட்டலில் என்னைப் பார்த்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

குற்றாலத்துக்கு வருகிறவனை எண்ணெய் தேய்க்காதே என்று சொல்ல முடியாது. சரிவைப் பெட்ரோல் விட்டுக் கழுவி, ஒரு திருகு கூடுதலாகச் சாய்த்து வைத்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் ஒரு தட்டு நிறையத் தவிடு வைக்கச் சொன்னேன். காசைத் தவிட்டில் நன்றாகப் புரட்டி, துணியில் துடைத்துவிட்டுப் போட வேண்டும். எண்ணெய்ச் சட்டியைத் தவிடு போட்டுத் தேய்க்கிறதில்லையா, அதேதான்.

சாயங்காலத்துக்குள் எண்ணெய் வழிய வந்த ஆம்பளைகள் பதினாலு பேருக்குப் பாடியது. நோட்டில் குறித்திருக்கிறேன். லாரி மறுநாள் பெட்டி இல்லாமல்தான் கொச்சிக்குப் போனது. வெளியூர்க்காரர்கள் தவிட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு, ஏதோ நேர்ச்சை என்று நினைத்துக் காசைப் புரட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டார்கள். மாசானம் அவர்களிடம் யட்சிக் கதையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அவனைத் திருத்த முடியாது.

அந்த வியாழக்கிழமை மதியம் துணிக்காக அண்ணாச்சி சமையல்கட்டில் தேடச் சொன்னார். அங்கே இருந்தது எல்லாமே எண்ணெய்த் துணி. "நான் கொண்டாரேன்" என்று இவர் கிளம்பிப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் தென்காசி பஸ்ஸில் திரும்பி வந்தவர் கையில் ஒரு பொட்டலம். பிரித்தால், சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்த பச்சைத் துணி.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணாச்சிக்கும் அந்தத் துணி தெரியும், கடைக்குப் பல தரம் வந்தவர். "ஏவே, இது ஒன் கடைத் திரைல்லா? திரைக்கு என்ன செய்வே?"

"இனி எதுக்கு அண்ணாச்சி?" என்றார் கணபதி, தவிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் துணியை அடுக்கிக்கொண்டே.

மறுநாள் காலையில் என் மேஜையை இரண்டு பேருமாகத் தெருப்பக்கம் இழுத்துப் போட்டோம். முதலில் வந்தவர் கீழப்பாவூர்க்காரர், கக்கத்தில் ரேடியோ. என்னைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்.

"கணபதி இல்லையாம்மா?"

"இருக்காரு. டீ வாங்கப் போயிருக்காரு" என்றேன். "நீங்க ரேடியோவ இங்கன வைங்க."